கல் பதிக்கிற கை

பேவர் பிளாக் பதிக்கிற தொழிலில் கல்லுக்குப் பஞ்சமில்லை. போன் போட்டால் சாயங்காலம் லாரி வந்து நிற்கும். எம்-சாண்ட் மணல் வரும், கட்டர் மெஷின் வாடகைக்கு வரும். ஆள்தான் வரமாட்டான், வந்தாலும் நிற்கமாட்டான். ஒரகடத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனி. ஃபேன் காற்று, கேன்டீன் சாப்பாடு, ஏற்றி இறக்க பஸ். அதையெல்லாம் விட்டுவிட்டு மே மாச வெயிலில் முட்டி போட்டு நாள் முழுக்கக் கல் அடுக்க எவனுக்குத் தலையெழுத்து? ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் இருக்கிற சின்ன காண்ட்ராக்டர்கள் பாதிப் பேர் இந்த ஒரு கவலையிலேயே பிபி மாத்திரைக்கு வந்துவிட்டார்கள்.

சேரப்பணஞ்சேரி நடேசனுக்கு மாத்திரை தேவைப்படவில்லை. அவரிடம் ஏழு பேர் நாலு வருஷமாக நகராமல் நின்றார்கள். எப்படி என்று கேட்டால் வலது கையை மடக்கி முஷ்டியைக் காட்டிச் சிரிப்பார். கேட்டவர்கள், ஆட்களை அடித்து மிரட்டி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அது தப்பு. தன் ஆள் மேல் அவர் ஒரு நாளும் கை வைத்ததில்லை. தன் ஆள் மேல் கை வைத்தவனை ஒரு நாளும் விட்டதுமில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் ரூம் விட்டிருந்த ஒருவன், தண்ணீர் அதிகம் செலவாகிறது என்று சொல்லி நடேசனின் ஆட்கள் நாலு பேர் துணிமணியைக் கொட்டுகிற மழையில் ரோட்டில் எறிந்தான். நடேசன் போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை எச்சில் கையோடு வெளியே இழுத்து, நனைந்த பைகளை ஒவ்வொன்றாக அவன் தலையில் ஏற்றி மாடிக்குத் தூக்க வைத்தார். தூக்கி முடித்த பிறகு முன் பல் இரண்டைப் பெயர்த்தார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரன் ஒருவன், சிமெண்ட் அழுக்குச் சட்டையோடு ஏறினார் என்று, ஏழு பேரில் மூத்தவரான திருநாவுக்கரசைக் கன்னத்தில் அறைந்தான். மறுநாள் காலை நடேசன் அந்த ஆட்டோவை அவன் உள்ளே இருக்கும்போதே குடை சாய்த்தார். ஒரு சைட்டில் சூபர்வைசர், நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களின் டிபன் பாக்ஸைக் காலால் எத்தினான். அவன் காதில் விழுந்த அறையில் ரத்தம் வந்தது. அந்த காண்ட்ராக்ட் போனது. ஏழு பேரும் நின்றார்கள்.

அவர்களுக்கு அதில் பெருமைதான். டீக்கடையில் மற்ற கேங்க் ஆட்களிடம், "எங்க அண்ணன மாதிரி உங்களுக்கு ஒருத்தன் கீறானா?" என்று கேட்பார்கள். நடேசனும் தன் கோபத்தை நல்ல கோபம் என்றே நம்பினார். அடிப்பது அவருக்குப் பிடிக்கும், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடித்துவிட்டு வந்த அன்றைக்கு வீட்டில் இரண்டு தட்டு சோறு கூடுதலாக இறங்கும். சம்சாரம் சாரதா பரிமாறிக்கொண்டே, "இன்னிக்கு யாரு?" என்று மட்டும் கேட்பாள்.

ஏழு பேரில் ஆறு பேர் கை. சிவசங்கர் மட்டும் கண். உத்திரமேரூர்ப் பக்கத்துக்காரன், முப்பத்தைந்து வயசு, அதிகம் பேசமாட்டான். தளத்தில் விழுகிற மழைத்தண்ணீர் எந்த மூலைக்கு ஓடவேண்டும் என்கிற வாட்டத்தை மட்டப்பலகை வைக்காமல் பார்த்தே சொல்வான். முதல் வரிசைக்கு நூல் கட்டி அவன் பதித்துவிட்டால் மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அவன் பதித்த தளத்தில் எந்த மழைக்கும் ஒரு கை தண்ணீர் தேங்கியதில்லை. ஒரகடத்தில் ஒரு பெரிய குடோன்காரர் கன்டெய்னர் லாரி நிற்கிற முற்றத்தை நடேசனுக்குக் கொடுத்ததே, "அந்த வாட்டம் பாக்கற ஆளு உன்கிட்டதான இருக்கான்?" என்று கேட்டுவிட்டுத்தான்.

அதுதான் நடேசனின் வாழ்நாளில் வந்த பெரிய வேலை. ஆடி பிறப்பதற்குள் முடிக்கவேண்டும். முடிக்காவிட்டால் மிச்சம் வசந்தகுமாருக்குப் போகும் என்று குடோன்காரர் நேராகவே சொல்லிவிட்டார். வசந்தகுமார் டிப்ளமோ படித்தவன், வெள்ளைக் காரில் வருவான், முப்பது ஆள் வைத்திருந்தான். அந்த முப்பதில் உருப்படியான கை அஞ்சுகூடத் தேறாது என்பது ஊருக்கே தெரியும். அதனால்தான் அவன் கண் சிவசங்கர் மேல் இருந்தது. இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்தான். அது காதுக்கு வந்ததிலிருந்து நடேசனுக்குத் தூக்கம் சரியில்லை. சிவசங்கர் போனால் குடோன் போகும், குடோன் போனால் மற்ற ஆறு பேரும் போவார்கள். அது அவருக்குக் கணக்குப் போடாமலே தெரிந்தது.

ஏழு பேர் அந்த வேலைக்குப் போதாது. இன்னும் இரண்டு நல்ல ஆள் வேண்டும் என்று நடேசன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். லாரி டிரைவரிடம் சொன்னார், பரோட்டா மாஸ்டரிடம் சொன்னார். சனிக்கிழமை போனில் யாரையோ திட்டிக்கொண்டே சிவசங்கரிடமும் சொன்னார்.

"டேய், நீயும் தான் ரெண்டு ஆளு புடிச்சிகினு வாயேன். எங்கனா தேடு."

"சும்மா கேட்டு இட்டாந்தா வேலைக்கு ஆவாதுணா. கூட ஒரு வரிச உக்காந்து பதிச்சாதான் அவன் கை எப்டினு தெரியும்."

"இன்னாமோ பண்ணு" என்று சொல்லிவிட்டு நடேசன் மறுபடியும் போனில் திட்டப் போய்விட்டார்.

இந்தத் தொழிலில் மெஷின் எல்லாம் முதலாளியுடையது. ரப்பர் சுத்தி, நூல்கண்டு, மட்டப்பலகை மட்டும் அவனவனுடையது. வேலை முடிந்ததும் அதைப் பையில் போட்டு, நடேசன் வீட்டை ஒட்டிய ஷெட் சுவரில் அவனவன் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். பை ஆணியில் இருந்தால் ஆள் நாளைக்கு வருவான். பையைத் தூக்கிக்கொண்டு போனால் ஆள் போய்விட்டான். வருகிறேன் போகிறேன் என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நடேசன் அப்படி எத்தனையோ பேரைத் தொலைத்திருக்கிறார். அதனால் தினமும் காலையில் ஷெட்டைத் திறந்ததும் அவர் கண் முதலில் சுவருக்குத்தான் போகும்.

அமாவாசைக்கு மறுநாள் குடோன் வேலையில் இரண்டாவது பகுதி தொடங்குவதாக இருந்தது. அமாவாசையன்று ஏழு பேரும் கல்லில் கை வைக்கமாட்டார்கள். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் சரி, அன்றைக்கு லீவுதான். சிவசங்கர் அதில் ரொம்பக் கறார். அந்த அமாவாசை காலையில் வைப்ரேட்டர் மெஷினுக்கு ஆயில் மாற்றலாம் என்று நடேசன் ஷெட்டைத் திறந்தார். ஆறு பை தொங்கியது. சிவசங்கரின் ஆணி காலியாக இருந்தது.

போன் அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தார். ஒன்பதாவது தடவை அடிக்கும்போது கல் லாரி உள்ளே வந்தது. டிரைவர் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, கேட்காமலே சொன்னான்.

"இன்னாணா, உங்க சிவசங்கரு வசந்தகுமாரு சைட்டுல முட்டி போட்டுகினு கீறான்? இருங்காட்டுக்கோட்டைல. இப்பதான் லோடு எறக்கிட்டு வரேன்."

நடேசனுக்கு அவன் போனான் என்பதுகூடப் பெரிதில்லை. அமாவாசை! நாலு வருஷமாகத் தனக்காக ஒரு அமாவாசைக்குக் கூடச் சுத்தியைத் தொடாதவன், அந்தக் கார்க்காரனுக்காகத் தொட்டிருக்கிறான். அதுதான் அவரை அறுத்தது.

"போன எடுக்கலனா வேல கீதோ இன்னாவோ. சாயங்காலம் வருவான், கேளுங்க" என்று சாரதா கேட் வரைக்கும் ஓடிவந்தாள். பைக் அதற்குள் மெயின்ரோட்டுக்குப் போய்விட்டது.

பதினோரு மணி வெயில். ஒரு புது ஷெட்டின் முன்னால் பாதித் தளம் பதித்திருந்தது. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பேர் குனிந்திருந்தார்கள். ஓரத்தில் இரண்டு இளவட்டங்களுக்கு நடுவில் சிவசங்கர் முட்டி போட்டு உட்கார்ந்து, வலது உள்ளங்கையால் கல்லை அழுத்தி, சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தான். அந்தத் தட்டு நடேசனுக்குத் தூக்கத்திலும் அடையாளம் தெரியும்.

வசந்தகுமார் குடைக்கடியில் சேரைப் போட்டு உட்கார்ந்திருந்தான். நடேசனைப் பார்த்ததும் எழுந்து வந்து பல்லைக் காட்டினான்.

"வாணா, வாணா. உங்க ஆளு கை இன்னா கைணா! காலைலேர்ந்து அசந்து போய்..."

அவனை முடிக்கவிடவில்லை. நடேசன் நெற்றியாலேயே அவன் மூக்கில் முட்டினார். எலும்பு நொறுங்கியது இருவருக்குமே கேட்டது. வெள்ளைச் சட்டை மார்பு வரை சிவந்தது. விழுந்தவன் வயிற்றில் ஒரு மிதி, இடுப்பில் ஒரு மிதி. அவன் ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருவன் மண்வெட்டிக் காம்பால் நடேசனின் முதுகில் போட்டான். நடேசன் திரும்பி அந்தக் காம்பைப் பிடுங்கி அவன் முழங்காலில் வீசினார். அவன் கத்திக்கொண்டே எம்-சாண்ட் குவியலில் விழுந்தான். இன்னொருவன் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்தான். அவன் கையை நடேசன் கடித்தார். வாயில் ரத்தத்தோடு மண்ணும் வந்தது. ஐம்பது வயசு ஆளுக்கு இத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்று அங்கே இருந்தவர்கள் பிறகு பல நாள் பேசினார்கள்.

"ணா! வாணாம்ணா! வுடுணா, நான் சொல்றத கேளுணா!"

சிவசங்கர் குறுக்கே வந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். அவனும் வேர்வையும் எம்-சாண்டுமாக இருந்தான். தன் வேலையில் வருகிற அதே வேர்வை வாசனை நடேசனுக்கு அடித்தது. அதுதான் அவருக்கு மிச்சமிருந்த புத்தியையும் எடுத்துக்கொண்டு போனது. அவனைத் தூக்கி எறிந்தார். சிவசங்கர் இடது கையை ஊன்றி விழுந்தான், மணிக்கட்டு மடங்கியது. எழுந்திருக்க வலது கையைத் தளத்தில் வைத்தான். தானே சற்று முன்னால் பதித்த கல் மேல் விரல் விரித்து வைத்தான்.

பிறகு கேட்டவர்களிடமெல்லாம் நடேசன், வசந்தகுமாருக்கு ஓங்கினேன், அவன் கை நடுவில் வந்துவிட்டது என்று சொன்னார். பொய். வசந்தகுமார் பத்தடி தள்ளி மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நடேசன் அந்தக் கையை நன்றாகப் பார்த்தார். பக்கத்தில் அடுக்கியிருந்த கல்லில் ஒன்றை இரண்டு கையாலும் எடுத்தார்.

"எனக்கு இல்லாத கை எவனுக்கும் வாணாம்டா!"

போட்டார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

சிவசங்கர் முதலில் கத்தவில்லை. தன் கையைப் பார்த்தான், யாருடையதோ என்கிற மாதிரி பார்த்தான். பிறகு வாய் திறந்தது. அந்தச் சத்தத்தில் ரோட்டில் போன பைக்குகள் நின்றன.

இரண்டு இளவட்டங்களில் பெரியவன் நடேசனைப் பிடித்துத் தள்ளினான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

"யோவ், நீ மனுசனாய்யா? அந்தாளு எங்களத்தான்யா இட்டுகினு போவ வந்தாரு! உன்கிட்ட வேலைக்கு! கூட உக்காந்து கையப் பாக்கணும்னு வந்தாரு. எங்க மொதலாளி ஆள அடிக்க மாட்டாரு, நம்பி வாங்கன்னு காலைலேர்ந்து சொல்லிகினு கீறாருய்யா!"

நடேசன் கையிலிருந்த கல் கீழே விழுந்தது. சனிக்கிழமை சொன்னது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. சிவசங்கருக்கு ஓய்வான நாள் அமாவாசை ஒன்றுதான். நாலு வருஷத்தில் அவன் முதல் தடவையாக அமாவாசைக்குச் சுத்தியைத் தொட்டது தனக்காகத்தான் என்பது நின்ற இடத்திலேயே புரிந்தது. நெஞ்சில் மிதித்த மாதிரி இருந்தது. அன்றைக்கு வாங்கிய அடியில் எதுவும் அவ்வளவு வலிக்கவில்லை.

அங்கே நின்றிருந்த ஒரு லாரியில் சிவசங்கரை அவர்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வழி முழுக்க, "டேய் சங்கரு, டேய் சங்கரு" என்று சொன்னார். அவன் பதில் சொல்லவில்லை. டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டபோது மட்டும் வாயைத் திறந்தான்.

"கல்லு வுழுந்துட்ச்சி சார்."

வலது கையில் மூன்று விரல் எலும்பு தூளாகியிருந்தது. நரம்பும் அறுந்திருந்தது. இடது மணிக்கட்டும் உடைந்திருந்தது. கையை எடுக்க வேண்டியிருக்காது, ஆனால் சுத்தி பிடிக்கிற பிடிமானம் திரும்புவது சந்தேகம்தான் என்று டாக்டர் சொன்னார். கல் விழுந்தது என்று அவனே சொல்லிவிட்டதால் அதற்குக் கேஸ் இல்லை. வசந்தகுமார் ஸ்டேஷனில் கொடுத்த புகார், நாலு பெரிய மனுஷர்கள் பேசியதில் எழுதிக் கையெழுத்துப் போட்டு முடிந்தது. மூக்குக்குப் பதிலாகக் குடோன் வேலையை அவன் எடுத்துக்கொண்டான். குடோன்காரர் நடேசனின் போனை எடுக்கவே இல்லை.

அமாவாசைக்கு மறுநாள் காலை ஆறு பேரும் ஒன்றாக வந்தார்கள். வேலைக்கு வருகிற மாதிரிதான் வந்தார்கள். ஷெட்டுக்குள் போய் அவனவன் பையை அவனவன் எடுத்துத் தோளில் மாட்டினான். வழக்கப்படி யாரும் எதுவும் சொல்லவில்லை. திருநாவுக்கரசு மட்டும் வாசலில் நின்றார். ஷேர் ஆட்டோவில் அறை வாங்கினாரே, அவர்தான்.

"நீ எங்களுக்காக அடிக்கறன்னு நெனச்சிகினு இருந்தோம் நடேசா" என்றார். நாலு வருஷத்தில் அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். "அப்டி இல்ல. எங்கள வச்சிகினு நீ அடிச்சிகினு இருந்துகிற. அவ்ளோதான்."

அவர்கள் ரோடு திரும்புகிற வரை நடேசன் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு இளவட்டங்களும் எங்கேயோ கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டார்.

பன்னிரண்டாம் நாள் காலை ஒரு ஷேர் ஆட்டோ ஷெட் வாசலில் வந்து நின்றது. சிவசங்கரின் மனைவி உமாதேவி இறங்கினாள். ஒரகடத்தில் வண்டிக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் லைனில் நிற்கிறவள். நீல யூனிபாரம் போட்டு, கழுத்தில் ஐடி கார்டு தொங்க நின்றாள். பின்னாலேயே சிவசங்கர் இறங்கினான். இரண்டு கையும் கட்டுக்குள் இருந்தது. சட்டை பட்டனைக்கூட அவள்தான் போட்டுவிட்டிருக்கவேண்டும், ஒன்று மாற்றிப் போட்டிருந்தது.

"வாம்மா உமா" என்று நடேசன் எழுந்தார். பணம் வேண்டுமென்றால் தருகிறேன் என்று ஆரம்பித்தார்.

"ஒன் பணம் எவனுக்கு வேணும்?" என்றாள் உமா. எப்போதும் அண்ணா என்று கூப்பிடுகிறவள். "பத்து நாளு லீவு போட்டுட்டேன். இன்னிக்கும் போவலனா பேர எடுத்துடுவாங்க. இவர வூட்ல பூட்டி வெச்சிட்டுப் போனா தண்ணி கூடக் குடிக்க முடியாது. ரெண்டு கையும் இல்ல. எந்த மேஸ்திரி இவர சேத்துப்பான்? நீதான இந்த ஆளு எவனுக்கும் போவக் கூடாதுன்ன? போவல. எங்கயும் போவல. இந்தா."

சிவசங்கரை நடத்திக் கூட்டிவந்து கல் அடுக்கின் மேல் உட்கார வைத்தாள். தூக்குப் பாத்திரத்தை நடேசனின் காலடியில் வைத்தாள்.

"மதியம் சோறு. நீயே பெசஞ்சி ஊட்டு. ஆறு மணிக்கு வந்து கூட்டிகினு போறேன். நாளைக்கும் வருவேன், கட்டுப் பிரிக்கற வரைக்கும் தெனமும் வருவேன்."

"உமா, வாணாம்மே" என்றான் சிவசங்கர்.

"நீ வாய மூடு. கல்லு வுழுந்துட்ச்சின்னு சொன்னவன்தான நீ?" அவள் அழாமல் ஆட்டோவில் ஏறினாள்.

ஒரு மணிக்கு நடேசன் கை கழுவினார். சோப்பு போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினார். தூக்கைத் திறந்தார். ரசம் சாதமும் உருளைக்கிழங்கும் இருந்தது. சாரதா நான் ஊட்டட்டுமா என்று வந்தாள். வேண்டாம், போ என்றார். கீழே முட்டி போட்டு உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார். தன் பிள்ளைகளுக்குக்கூட அவர் ஊட்டியதில்லை. எவ்வளவு எடுக்கவேண்டும் என்று தெரியாமல் நிறைய எடுத்துவிட்டு, பாதியைத் திரும்பத் தூக்கில் போட்டார்.

"சங்கரு, ஆ காட்டு" என்று சொல்லிக் கையை உயர்த்தினார்.

சிவசங்கர் கண்ணை இறுக்க மூடினான். தலை பின்னால் போனது. கட்டுப்போட்ட இரண்டு கையும் அவனைக் கேட்காமலே மேலே எழும்பி முகத்தை மறைத்தன. தன் ஆள் தன்னைப் பார்த்து இப்படி நடுங்கி நடேசன் இதுவரை பார்த்ததில்லை.

"சோறுடா" என்றார். "சோறுதான்டா."

கைகள் இறங்கவில்லை. நடேசன் பிடித்த பிடி சோற்றோடு அப்படியே இருந்தார். ரசம் முழங்கை வரை வழிந்தது.